பாறைமேல் நட்ட தூண்

1981ஆம் வருடம் தை மாதம். ஏற்காட்டு மலையில் கரடியூருக்கு மேலே ஏறிவந்த ஒரு ஜீப் அருக்காணியின் காப்பிக் காட்டு ஓரத்தில் வந்து நின்றபோது அவள் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கவில்லை. இலைகளுக்கு நடுவிலிருந்து வந்தவர்களைப் பார்த்தாள். இரண்டு பேர். வயதானவர் கையில் சுருட்டிய வரைபடம். இளையவன் தோளில் மூன்று கால் ஸ்டாண்டு. அந்த ஸ்டாண்டைப் பார்த்ததும் அவள் பறிப்பதை நிறுத்தினாள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு ஸ்டாண்டு அவளுடைய அண்ணன் மாதேஸ்வரனின் காட்டில் நின்றது. ரோடு போட அளக்கிறோம் என்றார்கள். சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டார்கள். ஏதோ காகிதத்தில் கைநாட்டு வாங்கினார்கள். ரோடும் வந்தது, அந்த ரோட்டில் அலுமினியம் எடுக்கும் பாக்சைட் மண்ணை அள்ளிப்போக லாரிகளும் வந்தன. காட்டை இழந்த மாதேஸ்வரன் இப்போது கொட்டச்சேட்டில் எஸ்டேட் கூலி. தான் கைநாட்டு வைத்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

வந்தவர் தன் பெயர் பாலசுப்பிரமணியம் என்றார். பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை, சொந்த ஊர் திண்டுக்கல். கூட வந்தவன் சேலத்துக்காரன், டெக்னீஷியன், பெயர் லூர்துராஜ். அருக்காணியின் காட்டு உச்சியில் இருக்கும் மொட்டைப் பாறைதான் அவர்களுக்கு வேண்டும். அதன்மேல் இடுப்புயரத்துக்கு ஒரு சிமென்ட் தூண், தூணின்மேல் ஒரு ஆன்டெனா, பக்கத்தில் ஒரு தகர ஷெட். மூன்று வருடத்துக்கு. செயற்கைக்கோள் மேலே போகும்போது அதன் சத்தத்தைப் பிடித்துப் பதிவுசெய்வார்களாம்.

"என்ன தோண்டுவீங்க?" என்று அருக்காணி கேட்டாள்.

ஒன்றும் தோண்ட மாட்டோம் என்றார் அவர். தூணுக்குக் கம்பி இறக்கப் பாறையில் நான்கு துளை, அவ்வளவுதான்.

வானத்தில் போகிறதைக் கேட்பதற்கு இத்தனை செலவு செய்து மலையேறி வருவார்களா என்று அவள் யோசித்தாள். முடியாது என்று சொல்லிவிடலாம். சொன்னால் அவர்கள் நேராகத் தாலுகா ஆபீசுக்குப் போவார்கள், வேறு யாரையோ பிடிப்பார்கள், அவளுக்குத் தெரியாமல் ஏதாவது நடக்கும். தன் கண்ணெதிரில் நடப்பது நல்லது. அவளுடைய புருஷன் செத்து ஆறு வருடமாகிறது. அந்த இரண்டரை ஏக்கரை ஒற்றையாளாகக் காப்பாற்றிவருகிறவள் அவள்.

"எதுலயும் கைநாட்டு வெக்க மாட்டேனுங்க. ஷெட்டுக்குக் காவல் நான்தான் இருப்பேன். வேற ஆள் போடக்கூடாது. இதுக்குச் சம்மதம்னா செய்ங்க" என்றாள்.

பாலசுப்பிரமணியத்துக்கு அது வசதியாகப் பட்டது. காவலுக்கு ஆள் தேடும் வேலை மிச்சம் என்று நினைத்துச் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். அவளோ காவல்காக்க நினைத்தது அவர்களைத்தான்.

பாறையில் துளை போட்ட அன்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்த கல்தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள். சாம்பல் நிறம். பாக்சைட் என்றால் செம்மண்ணாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு சிட்டிகையை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அண்ணனிடம் காட்டினாள். அவனும் இது வெறும் கல் என்றான். தூணின் தலையில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். அதில் ஒரு சின்ன சிலுவைக் கோடு. அந்தக் கோடு எதற்கு என்று அவள் கேட்டதற்கு, இந்த இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்று அந்தக் கோட்டை வைத்துத்தான் கணக்கிடுவோம் என்றார் பாலசுப்பிரமணியம். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் காட்டிலும் முதலில் இப்படித்தான் கணக்கெடுத்தார்கள்.

மாதம் ஒருமுறை அவர் பெங்களூரிலிருந்து வந்து பதிவான டேப்புகளை எடுத்துப்போவார். மற்ற நாட்களில் லூர்துராஜ்தான். கரடியூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். பேட்டரி மாற்றுவான், டேப் மாற்றுவான், நோட்டில் நேரம் எழுதுவான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ஏதாவது ஒரு செயற்கைக்கோள் கடந்துபோகும். ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஷெட்டுக்குள்ளிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். கூர்மையாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து அடங்கும். பனி மூடி எதிரில் இருக்கும் சில்வர் ஓக் மரம் தெரியாத நாளிலும் அந்தச் சத்தம் தவறாது. சித்திரை வருவதற்குள் அருக்காணி நிழலைப் பார்த்தே அடுத்த சத்தம் எப்போது வரும் என்று சொல்லப் பழகியிருந்தாள்.

சித்திரையில் பாலசுப்பிரமணியம் வந்தபோது அவள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். உண்மையில் எதைத் தேடுகிறீர்கள்?

அவர் பாறையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பல்லாயிரம் வருடத்துக்கு முன் பூமியின் வடகோடி நாடுகளில் இந்த மலையைவிட உயரமாகப் பனிக்கட்டி கிடந்தது. அதன் பாரத்தில் அடியிலிருந்த தரை கீழே அமுங்கிவிட்டது. பிறகு பனி உருகிப் போயிற்று. தரை இன்னும் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. அவள் அப்போதுதான் வைக்கோல்மேல் கிடந்த மிளகு மூட்டையைத் தூக்கி நகர்த்தியிருந்தாள். அவர் அந்த வைக்கோலைக் காட்டினார். அமுங்கிக் கிடந்த தாள்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. பூமியும் அப்படித்தான், என்ன, அதற்குப் பல்லாயிரம் வருடம் ஆகிறது என்றார்.

அந்த எழுச்சியை வானத்திலிருந்து பார்க்கலாம் என்பதுதான் அவருடைய வேலை. பூமிக்கு இடுப்புப் பக்கம் கொஞ்சம் பருமன். அந்தப் பருமன் இழுப்பதால் செயற்கைக்கோளின் பாதை ஒரே இடத்தில் நிற்காமல் மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். வடக்கே தரை எழும்ப எழும்ப இடுப்புப் பருமன் மயிரிழை மயிரிழையாகக் குறையும். பாதை திரும்பும் வேகமும் அந்த அளவுக்குக் குறையும். வருடக்கணக்கில் விடாமல் அளந்தால்தான் அது தெரியும். இடையில் விட்டால் எல்லாம் வீண்.

"பனி கெடந்தது அந்த நாட்டுல. எந்திரிக்கிறது அந்த நாட்டுத் தரை. எங்க பாறை எதுக்குங்க?"

ஆடாத இடங்களில் நின்று பார்த்தால்தான் மேலே போகிறதன் அசைவு தெரியும் என்றார். இப்படிப் பல நாடுகளில் தூண்கள் இருக்கின்றன.

அருக்காணி அதை அப்படியே மாதேஸ்வரனிடம் போய்ச் சொன்னாள். அவன், "கதை நல்லாத்தான் இருக்குது. எங்கிட்ட ரோடுன்னாங்க, உங்கிட்ட வானம்ங்கறாங்க" என்றான்.

ஐப்பசியில் அவள் குழியைக் கண்டாள். மழை விட்டிருந்த ஒரு காலை. பாறைக்குக் கிழக்கே சரிவில், அவளுடைய காப்பிச் செடிகளுக்கு நடுவே, வட்டமாக ஒரு கை அகலத்தில் துளை. மேலே சருகைப் போட்டு மூடியிருந்தார்கள். விரலை விட்டாள். செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது. தேடிக்கொண்டே நடந்தாள். வரிசையாக ஐந்து துளைகள். நேராக ஷெட்டுக்கு ஏறிப்போனாள். லூர்துராஜ் ஏற்காட்டுக்குப் போயிருந்தான். ஆன்டெனாவிலிருந்து ஷெட்டுக்குப் போகும் கறுப்பு வயரைத் திருகிக் கழற்றிச் சுருட்டி, தன் வீட்டு நெல் குதிருக்குள் போட்டு மூடினாள்.

லூர்துராஜ் வந்து கேட்டதற்கு, பெரியவர் வரட்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் பதறிப்போய்த் தந்தி கொடுத்தான். மூன்றாம் நாள் பாலசுப்பிரமணியம் வந்து சேர்ந்தார். ஜீப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு அவள் வீட்டு வாசலுக்கு நடந்தே வந்தார். கையில் ஒரு ஃபைல்.

அவள் பேசுவதற்குள் அவர் தொடங்கிவிட்டார். "எனக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்தது. ஆறு மாசமா பதிவு நடுநடுவே அறுந்து போகுது. பேட்டரி மாத்தினேன்னு லூர்துராஜ் எழுதியிருக்கான். பேட்டரி மாத்த அஞ்சு நிமிஷம் போதும். இங்கே ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் போயிருக்கு. யாரோ ஆன்டெனாவைத் தூணிலிருந்து இறக்கி மறுபடியும் வெச்சிருக்காங்க. காவல் நீங்க. உங்களைத் தவிர வேற யாரம்மா?"

"நான் கழட்டுனது இந்த ஒருக்காதானுங்க. எதுக்குன்னு காட்டறேன், வாங்க."

அவரைச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். ஐந்து துளைகளையும் காட்டினாள். அவர் மண்டியிட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். இது நான் செய்ததில்லை என்றார். உங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் வருவார்கள் என்றாள் அவள். இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாமல் அந்தச் சரிவில் நின்றார்கள். பிறகு அவர் ஃபைலைத் திறந்து, பதிவு அறுந்த தேதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அவளுக்குத் தேதி தெரியாது. கிழமையைச் சொல்லுங்கள் என்றாள். அவர் ஃபைலில் இருந்த காலண்டரைப் பார்த்துக் கிழமையைச் சொல்லச் சொல்ல, அவள் முகம் மாறியது.

"எல்லாம் சந்தை நாளுங்க. காலையில மூட்டையத் தூக்கிட்டு பஸ் ஏறுனா பொழுது சாய்ஞ்சுதான் ஊடு வருவேன்."

அவர் ஃபைலை மூடினார். அவள் ஊரில் இல்லாத நேரம் யாருக்கு நன்றாகத் தெரியும் என்று இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது.

அடுத்த சந்தை நாளுக்கு நான்கு நாள் இருந்தது. அவர் பெங்களூருக்குத் திரும்புவதாக லூர்துராஜிடம் சொல்லிவிட்டு ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் தங்கினார். அருக்காணி வயரைத் திருப்பிக் கொடுத்தாள். சந்தை அன்று மூட்டையோடு பஸ் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டாள். அவர் அங்கே காத்திருந்தார். இருவரும் காப்பிக் காட்டு வழியாகவே நடந்து பாறைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு அவர்மேலும் முழு நம்பிக்கை இல்லை. ஒருவேளை எல்லோரும் சேர்ந்து நடத்தும் நாடகமாக இருந்தால்? இடுப்பில் அரிவாளைச் செருகித்தான் வந்திருந்தாள்.

பதினொரு மணிக்கு ஒரு கார் வந்தது. வெள்ளை வேட்டிக்காரர் ஒருவரும் இரண்டு சர்வேயர்களும் இறங்கினார்கள். லூர்துராஜ் முன்னால் ஓடிப்போய் ஆன்டெனாவைத் திருகி இறக்கி ஷெட்டுக்குள் வைத்தான். சர்வேயர்கள் அந்தத் தூணின்மேலேயே தங்கள் அளக்கும் கருவியை, பித்தளைக் கோட்டுக்குச் சரியாகப் பொருத்தி வைத்தார்கள். கடல்மட்டத்திலிருந்து உயரம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளி கிடைத்துவிட்டால், மலையை வரைபடமாகப் போடுவது பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் புள்ளியின் எண்களை லூர்துராஜ் ஒரு தாளைப் பார்த்துப் படித்துக் காட்டினான்.

பாலசுப்பிரமணியம் எழுந்து பாறைமேல் ஏறினார்.

வேட்டிக்காரர் பெயர் ஐயாக்கண்ணு, ஒரு சுரங்கக் கம்பெனியின் ஏஜென்ட்; சரிவில் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்ததும் அவருடைய ஆட்கள்தான். அவர் பதறவேயில்லை. ஒரு தூணை இரண்டு பேர் உபயோகித்தால் என்ன தேய்ந்தா போய்விடும் என்று கேட்டார். ஊர்க்காரர்கள் எங்களையும் உங்கள் ஆட்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் தொந்தரவில்லை என்றார். கருவியை எடுத்துக்கொண்டு நிதானமாகக் காரில் ஏறிப் போனார்கள்.

லூர்துராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான்கு வருடமாகத் தற்காலிக வேலை, நிரந்தரம் செய்வதாகச் சொல்லிச் சொல்லியே காலம் போகிறது, கம்பெனியில் நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள் என்றான். அவன் அருக்காணியின் பக்கம் திரும்பவேயில்லை.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அருக்காணி நினைத்தாள். பாலசுப்பிரமணியத்தின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது. அவர் தூணைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தச் சரிவில் பாக்சைட் தோண்ட அனுமதி கேட்டுக் கம்பெனி ஏற்கெனவே மனுக் கொடுத்திருந்தது. அடுத்த வாரம் தாலுகா ஆபீசில் விசாரணை. தூணிலிருந்து அளந்த வரைபடம்தான் மனுவோடு போயிருக்கும். அனுமதியில்லாமல் அளந்தார்கள் என்று அவர் போய்ச் சொன்னால் அந்த வரைபடம் செல்லாது. ஆனால் சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு இடத்தின் துல்லியமான எண்கள் அரசாங்கத்துக்கு மட்டும் உரியவை. அவை அவருடைய நிலையத்திலிருந்து வெளியே போயிருக்கின்றன. மறுநாளே நிலையத்தை மூடுவார்கள். மூன்று வருட வேலையில் பத்து மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

"ஒரு மாசம் பொறுத்துக்கங்க. நான் மெதுவா, உள்ளுக்குள்ளேயே சரிபண்ணிடறேன்" என்றார்.

"ஒரு மாசத்துல அவன் லாரி கொண்டாந்துருவான்."

அவர் தூணிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்தப் பையன் வேலைக்கு ஆசப்பட்டு செஞ்சான். நீங்க இந்தத் தூணுக்கு ஆசப்பட்டு சும்மா இருக்கறீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். அன்றிரவு மாதேஸ்வரன் வந்து, அந்த ஆள் விசாரணைக்கு வரமாட்டான், நாம் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போவோம் என்றான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

விசாரணை அன்று தாலுகா ஆபீஸ் வராந்தாவில் கரடியூர்க்காரர்கள் பத்துப் பேர் நின்றார்கள். ஐயாக்கண்ணு ஒரு வக்கீலோடு வந்திருந்தார். அதிகாரி வரைபடத்தை விரித்து, சரிவில் சாகுபடி எதுவும் இல்லை என்று மனுவில் இருப்பதைப் படித்தார். காப்பிச் செடி இருக்கிறது என்று அருக்காணி சொன்னாள். வரைபடத்தில் அது இல்லையே என்றார் வக்கீல். வரைபடம் மிகத் துல்லியமானது, விஞ்ஞானிகள் நிறுவிய தூணிலிருந்தே அளந்தது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அப்போது பின்னால் யாரோ ஐயா என்று அழைத்தார்கள். பாலசுப்பிரமணியம். சட்டை கசங்கியிருந்தது, பஸ்ஸில் வந்திருந்தார். அந்தத் தூண் தன் பொறுப்பில் உள்ளது என்றும், அதை உபயோகிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்றும், எண்கள் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டவை என்றும் சொன்னார். அதையே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்திருந்த காகிதத்தை மேஜைமேல் வைத்தார். எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்கு என்ற பட்டியலும் அதில் இருந்தது. அதிகாரி இரண்டு முறை படித்தார். இது உங்களுக்குத்தானே சிக்கல் என்று கேட்டார். தெரியும் என்றார் அவர்.

மனு திருப்பி அனுப்பப்பட்டது. புதிதாக அளந்து, நேரில் வந்து பார்த்த பிறகே பரிசீலிப்போம் என்று உத்தரவு. கம்பெனி மலையின் வேறொரு பக்கத்தில் வேலையைத் தொடங்கியது. கரடியூர்ச் சரிவுக்குத் திரும்பி வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் நிலையத்தை மூடச்சொல்லி உத்தரவு வந்தது. ஷெட்டைப் பிரிக்கப் பாலசுப்பிரமணியமே வந்தார். லூர்துராஜை நிறுத்திவிட்டிருந்தார்கள். ஐயாக்கண்ணு அவனுக்கு வேலை தரவில்லை. அவன் சேலத்தில் ரேடியோ ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டார்கள். தகரங்களை ஜீப்பில் ஏற்றிய பிறகு, தூண் மட்டும் இருக்கட்டுமா, பத்து வருடம் கழித்து யாராவது வந்து அளந்தால் உதவும் என்று பாலசுப்பிரமணியம் கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. அருக்காணி வீட்டுக்குள் போய்ச் சம்மட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தானே உடைத்தார். பழக்கமில்லாத கை. பாதியில் அவள் வாங்கி மீதியை உடைத்தாள். பித்தளைத் தகட்டை அவர் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

அவள் அவருக்குக் காப்பி கொடுத்தாள். இந்தப் பத்து மாதத்தில் அது முதல் தடவை. வருத்தமா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. மாதேஸ்வரனின் மகள் வள்ளி அப்போது வாழவந்தி பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள்தான் படித்துக் காட்டினாள். பாலசுப்பிரமணியம் எழுதியிருந்தார். வெளிநாட்டில் சிலர் வேறொரு செயற்கைக்கோளை லேசர் ஒளியால் பல வருடம் அளந்து, அதன் பாதை திரும்பும் வேகம் மாறுவதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். அமுங்கிய தரை இன்னும் எழும்பிக்கொண்டிருப்பது அதில் தெரிகிறதாம். அவர் அதைப் பத்திரிகையில் படித்தாராம். தான் இப்போது நூலகப் பிரிவில் இருப்பதாகவும், செயற்கைக்கோள் கதை பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதுவதாகவும் முடித்திருந்தார்.

அருக்காணி கேட்டுக்கொண்டே மிளகை உருவிக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் கையிலிருந்த மிளகுக் கொத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "அந்தப் பத்திரிகையில கரடியூர்னு எங்கியாச்சும் போட்டிருக்காங்களா கண்ணு?" என்று கேட்டாள்.

வள்ளி கடிதத்தை மறுபடியும் பார்த்தாள். அப்படி எதுவும் இல்லை, அத்தை என்றாள்.

"நல்லதாப் போச்சு. காயிதத்துல ஊர்ப் பேரு ஏறுனா மறுபடியும் அளக்க வந்துருவாங்க" என்றாள் அருக்காணி. பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பதில் எழுத ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கிவரச் சொன்னாள். என்ன எழுத வேண்டும் என்று வள்ளி கேட்டதற்கு, ஊரில் மழை நன்றாக இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதச் சொன்னாள். அனுப்புநர் முகவரியில் வள்ளியின் பள்ளிக்கூட முகவரியைப் போட்டால் போதும் என்றும் சொன்னாள்.